காலி வீட்டைப் பார்க்கக் கூச்சம் எதற்கு?

சிங்கப்பூரில் மறுவிற்பனை வீடு வாங்குகிறவர்கள் சாவி கைக்கு வருவதற்கு முன்னால், விற்பவர் சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போன பிறகு, அந்தக் காலி வீட்டை ஒரு தடவை நிதானமாகப் போய்ப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்பார்கள். செய்கிறவர்கள் குறைவு. செய்தாலும் அவசரமாகக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, சோபாவை இந்தப் பக்கம் போடலாமா அந்தப் பக்கம் போடலாமா என்று பேசிக்கொண்டே வெளியே வந்துவிடுவார்கள். நாங்கள் ஈசூனில் நாலறை வீடு வாங்கியபோது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனால் அன்று மனைவியின் சித்தப்பா கூட வந்தார். பல வருடம் இங்கே கட்டடப் பராமரிப்பில் இருந்தவர். ஒரு வாளி, ஒரு டார்ச், ஒரு துடைப்பக் கட்டை, பழைய செய்தித்தாள் கொஞ்சம், இவைதான் அவர் கொண்டுவந்த ஆயுதங்கள்.

முதல் தடவை நாம் போய்ப் பார்ப்பது குடியிருக்கும் வீடு. அலமாரிக்குப் பின்னால் சுவர் எப்படி, மெத்தைக்கு அடியில் தரை எப்படி, சாமி அலமாரிக்கு மேலே புகை படிந்த இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் விற்பவரிடம் ஆப்ஷன், அதாவது வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரம் வாங்கி, அதை உறுதிசெய்ய 21 நாள். பிறகு இரண்டு தரப்பும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு (வீவக) விண்ணப்பம் போட்டு, அது ஏற்கப்பட்ட தேதியிலிருந்து ஏறக்குறைய 8 வாரம். ஆக, நாம் பார்த்த வீட்டுக்கும் நமக்குக் கிடைக்கப்போகிற வீட்டுக்கும் நடுவே ரெண்டு மூணு மாதம் ஓடிவிடுகிறது. அதற்குள் எவ்வளவோ மழை பெய்திருக்கும், சாமான் தூக்கும்போது கதவு நிலையில் இடித்திருப்பார்கள், ஓடிக்கொண்டிருந்த ஏர்கான் நின்றிருக்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். ஆப்ஷன் கட்டணம், உறுதிசெய்யும் கட்டணம் இரண்டும் சேர்ந்து 5,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. மீதிப் பணம் முழுவதும், மத்திய சேம நிதி (மசேநி) பணமானாலும் கடனானாலும், வீவகவில் சாவி வாங்கும் கடைசிச் சந்திப்பை ஒட்டித்தான் கைமாறுகிறது. அதுவரை விற்பவருக்கு உங்களோடு பேசித் தீர்க்க வேண்டிய அவசியம் இருக்கிறது. தோ பாயோ வீவக நடுவத்திலிருந்து சாவியோடு வெளியே வந்த பிறகு அந்த அவசியம் போய்விடுகிறது.

விண்ணப்பத்துக்குப் பிறகு வீவகவே வீட்டைப் பரிசோதிக்குமே, அது போதாதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. போதாது. அனுமதி இல்லாமல் சுவரை இடித்திருக்கிறார்களா, தடைசெய்யப்பட்ட மாற்றம் ஏதாவது செய்திருக்கிறார்களா என்பதுதான் அந்தப் பரிசோதனை. உங்கள் குளியலறை ஒழுகுகிறதா என்று பார்ப்பது அந்த அதிகாரியின் வேலை இல்லை. வீட்டின் நிலைமை வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்.

உறவினர்கள் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு ஒரு காரணம் எனக்குப் புரிகிறது. அவர்கள் பெரும்பாலும் பிடிஓ வீடு, அதாவது வீவக புதிதாகக் கட்டித் தரும் வீடு வாங்கியவர்கள். புது வீட்டுக்கு ஒரு வருடக் குறைபாட்டு உத்தரவாதம் உண்டு. டைல்ஸ் கோணலா, கதவு சரியாக மூடவில்லையா, சாவி வாங்கிய பிறகு எழுதிக் கொடுத்தால் வந்து சரிசெய்து தருவார்கள். குளியலறை, சமையலறை மேற்கூரைக் கசிவுக்கு 5 வருடம், கான்கிரீட் பெயர்வதற்கு 10 வருடம் என்று உத்தரவாதம் இன்னும் நீளுகிறது. அதனால் அவர்கள் அனுபவத்தில் சாவி முதலில், பரிசோதனை அப்புறம். நாற்பது வருடப் பழைய மறுவிற்பனை வீட்டுக்கு அந்த வரிசை பொருந்தாது. அங்கே பரிசோதனை முதலில் வர வேண்டும். சாவி வாங்கிய பிறகு போய் நிற்க ஓர் இடம் இல்லை.

இனி கூச்சத்துக்கு வருகிறேன், இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான். எங்களுக்கு வீட்டை விற்றவர்கள் வயதான தமிழ்த் தம்பதி. இது தற்செயல் இல்லை. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. அந்த புளோக்கில் இந்தியர் வரம்பு நிரம்பியிருந்தது. அப்படியென்றால் இந்தியரான நாங்கள் அங்கே இந்தியரிடமிருந்துதான் வாங்க முடியும். நம்மவர் நம்மவரிடம் வாங்குவது இங்கே அடிக்கடி நடப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முதல் சந்திப்பிலேயே ஆன்ட்டி காப்பி கொடுத்து, எந்த ஊர் என்று விசாரித்து, என் மனைவியின் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம்போல ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக் குழாயைத் திறந்து திறந்து பார்ப்பது மரியாதைக் குறைவாக நமக்கே தோன்ற ஆரம்பிக்கிறது. "பெரியவங்க பொய் சொல்லுவாங்களா" என்று என் அம்மா கேட்டார். பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் இருபது முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவருக்கு அந்த வீட்டின் குறை கண்ணில் படாது, பழகிப்போயிருக்கும். பரிசோதிப்பது அவரைச் சந்தேகப்படுவது ஆகாது. சித்தப்பா இதை அங்கிளிடம் நேரடியாகவே சொன்னார்: "அண்ணே, உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல, வீடு பழசு, தண்ணி எங்க போகுதுன்னு மட்டும் பாத்துக்கிறோம்." அங்கிள் உடனே, "பாருங்க, நல்லாப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். நாங்கள் மனதுக்குள் வளர்த்து வைத்திருந்த கூச்சத்துக்கு ஒரு நிமிடம்கூட வேலை இல்லாமல் போனது.

சித்தப்பா என்னிடம் சொன்னது, "மாப்பிள்ளை, பெயின்டைப் பாக்காதீங்க, தண்ணியப் பாருங்க." நானும் இப்போது கேட்கிறவர்களுக்கு எல்லாம் இதைத்தான் சொல்கிறேன். பெயின்ட், கேபினெட், விளக்கு எல்லாம் நாளைக்கே மாற்றக்கூடியவை. தண்ணீர் அப்படி இல்லை.

அவர் செய்த விதத்தை அப்படியே சொல்கிறேன். சமையலறைத் தொட்டியை அடைத்து, விளிம்புவரை நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிட்டார். சும்மா குழாயைத் திறந்து மூடினால் தெரியாத ஒழுகல், மொத்தத் தண்ணீரும் ஒன்றாக இறங்கும்போது தெரிந்துவிடும். தொட்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார், ஒரு சொட்டு விழுந்தாலும் காகிதத்தில் தெரியும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து அழுத்தம் குறைகிறதா என்று பார்த்தார். கழிப்பறையில் ஃபிளஷ் செய்து, தொட்டி நிரம்ப விட்டு, மறுபடி செய்து, நிரம்பிய பிறகும் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேட்டார். அப்புறம் வாளியில் தண்ணீர் பிடித்துக் குளியலறைத் தரையில் கொட்டினார். எல்லாம் தரைத் துவாரத்தை நோக்கி ஓட வேண்டும், மூலையில் தேங்கக்கூடாது. எங்கள் வீட்டில் ஒரு மூலையில் தேங்கியது.

அதைப் பார்த்ததும் அவர் செய்ததுதான் நான் கேள்விப்படாத விஷயம். கீழ்வீட்டுக்குப் போகலாம் என்றார். நாம் வாங்கும் வீட்டின் குளியலறை ஒழுகினால் அது நம் வீட்டில் தெரியாது, கீழ்வீட்டு மேற்கூரையில்தான் தெரியும். போய்க் கதவைத் தட்டினோம். ஒரு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம். சித்தப்பாவுக்கு மலாய் சரளம், மேலே புதிதாக வரப்போகிறவர்கள் என்று எங்களை அறிமுகப்படுத்தி, உங்கள் குளியலறைக் கூரையைப் பார்க்கலாமா என்று கேட்டார். மக்சிக் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. கூரையில் பழுப்பு வளையம், நடுவில் பெயின்ட் குமிழ் குமிழாக. கொஞ்ச நாளாகவே இருக்கிறது, மேலே இருக்கிறவர்கள் வயதானவர்கள், தொந்தரவு பண்ண வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தேன் என்றார். அங்கிளுக்கு உண்மையிலேயே தெரியாது.

இந்தக் கசிவு ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளியலறை டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ஒரு பூச்சு இருக்கிறது. காலப்போக்கில் அது தேய்ந்துபோகும். தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கும், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டை வெளியே தள்ளும், ஒரு நாள் துண்டு துண்டாகப் பெயரும். துடைப்பக் கட்டை இதற்குத்தான். கூரையைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், பெயரப்போகிற இடம் பொள்ளலாக ஒலிக்கும். நம் வீட்டுத் தரையும் கீழ்வீட்டுக் கூரையும் ஒரே கான்கிரீட் பலகை என்பதால் பழுதுபார்ப்பதில் இரு வீட்டாருக்கும் பொறுப்பு உண்டு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியை மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்கு 25 விழுக்காடு பகிர்ந்துகொள்ளும். உதவி இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட முடியாது. சாவி வாங்கிய மறுநாள் அந்த மேல்வீட்டுக்காரர் நீங்கள்தான். புதிதாகப் போட்ட குளியலறையை இடித்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

எங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. அந்த புளோக்கில் இல்ல மேம்பாட்டுத் திட்டம் ஏற்கெனவே முடிந்திருந்தது. 2007இல் அறிமுகமான அந்தத் திட்டத்தில் குடிமக்களுக்குக் கான்கிரீட் பழுது போன்ற அவசிய வேலைகளை அரசாங்கமே முழுச் செலவில் செய்துகொடுக்கும். குளியலறையைப் புதுப்பிப்பது அவரவர் விருப்பம், வீட்டின் அளவைப் பொறுத்துச் செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு கட்டினால் போதும். அங்கிளும் ஆன்ட்டியும் அப்போது ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லை என்று குளியலறை வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீடுகளில் எல்லாம் புதுத் தரை, இந்த வீட்டில் மட்டும் பழைய தரை. "இங்கே மேம்பாடு முடிந்துவிட்டது" என்று ஏஜென்ட் சொல்வது புளோக்கைப் பற்றியது. இந்த வீட்டில் என்னென்ன செய்தார்கள் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

சரி, குறை தெரிந்துவிட்டது, அப்புறம் என்ன செய்வது? அன்று சாயங்காலமே படங்களோடு இரண்டு ஏஜென்ட்டுகளுக்கும் எழுதினேன். வாயால் சொல்வது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது, எழுத்தில் இருக்க வேண்டும், தேதியோடு. விலையைக் குறைத்துக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வந்தது, நான் அதை வேண்டாம் என்றேன். மறுவிற்பனை வீட்டுக்கு உண்மையான விலையைத்தான் வீவகவிடம் அறிவிக்க வேண்டும், பக்கத்தில் தனியாக ஒப்பந்தம் போட்டு அதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வேலையைச் செய்து கொடுங்கள் என்று கேட்பதுதான் நேர்மையான வழி, எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான். அங்கிள் சம்மதித்தார். வீவக அனுமதியோடு, பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரை வைத்துத் தரையைப் பெயர்த்துப் பூச்சுப் போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி வைத்து, கீழே மக்சிக் வீட்டுக் கூரை காய்ந்தே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ் ஒட்டினார்கள். இரு தரப்பும் சேர்ந்து கேட்டு, சாவி வாங்கும் சந்திப்பைத் தள்ளிப்போட்டோம்.

இதில் எனக்கு வீட்டில் விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. தள்ளிப்போனால் ஆடி வந்துவிடும். மாமியார் ஊரிலிருந்து டிக்கெட் போட்டாகிவிட்டது. நம் வீடுகளில் கடைசிப் பரிசோதனை கண்துடைப்பாகப் போவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். நல்ல நாள் குறித்த பிறகு கெட்ட செய்தி கேட்க யாருக்கும் மனசு வராது. நாள் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு, அதை விடச் சொல்லவில்லை. சந்திப்புத் தேதிக்கும் பால் காய்ச்சும் நாளுக்கும் நடுவே இரண்டு மூன்று வாரமாவது விட்டு நாள் பாருங்கள். நாங்கள் கடைசியில் ஆவணியில் காய்ச்சினோம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மின்பெட்டியைத் திறந்து ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் வீடு முழுக்க மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். மின்கசிவால் உயிர் போகாமல் காப்பது இந்தச் சின்னப் பெட்டிதான். 1985 ஜூலைக்கு முந்திய வீடுகள் சிலவற்றில் இது இல்லாமலே இருந்தது, 2025 ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலும் கட்டாயம். ஒவ்வொரு பிளக்கிலும் ஃபோன் சார்ஜரைச் சொருகிப் பார்ப்பது எளிது. ஏர்கானை அரை மணி நேரமாவது ஓடவிட்டுத்தான் குளிர்கிறதா, உள்ளே சொட்டுகிறதா என்று முடிவுக்கு வர வேண்டும், அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள். தரை டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் எழும்பப்போகிறவை சத்தத்தில் தெரியும், கட்டில் இருந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

சன்னலுக்குக் கொஞ்சம் நிற்க வேண்டும். வெளிப்பக்கம் திறக்கும் சன்னல்களில் அலுமினிய ஆணி இருந்தால் அவற்றைத் துருப்பிடிக்காத எஃகு ஆணியாக மாற்ற வேண்டும் என்பது 2004இலிருந்து சட்டம். மாற்றாமல் இருந்தால் 5,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பராமரிக்காத சன்னல் கீழே விழுந்தால் அபராதம் 10,000 வரை, சிறை ஒரு வருடம் வரை. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், கீழே பிள்ளைகள் விளையாடும் இடம். சன்னலுக்கு யார் சொந்தக்காரரோ அவர்தான் பொறுப்பு, நேற்று வாங்கினேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு சன்னலையும் முழுசாகத் திறந்து மூடிப் பாருங்கள், ஆடுகிறதா, இழுத்துப் பிடிக்கிறதா என்று கையில் தெரியும். இழுத்துத் திறக்கும் சன்னலாக இருந்தால் முனையில் தடுப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எதை விட்டுவிட்டுப் போகிறார்கள், எதை எடுத்துப் போகிறார்கள் என்பதை ஆப்ஷன் நேரத்திலேயே படத்தோடு எழுதி வைத்தால் இந்த நாளில் மனஸ்தாபம் வராது. வாட்டர் ஹீட்டர், மின்விசிறி, துணி காயப்போடும் கம்பிகள், திரைச்சீலைத் தண்டு, இவைதான் சண்டைக்குக் காரணமாகிறவை. வேண்டாத மெத்தை, உடைந்த அலமாரி கிடந்தால் அதை அவர்களே அப்புறப்படுத்தச் சொல்வது நியாயம்தான்.

விற்பவர் தங்கள் அடுத்த வீட்டுக்காகக் காத்திருந்தால், வீவக அனுமதியோடு சந்திப்புக்குப் பிறகும் 3 மாதம் வரை அதே வீட்டில் தங்கலாம். இந்த ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளும்போது யோசித்து ஒத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பணம் போய்விடும், வீடு காலியாகாது. அப்படிச் செய்கிறவர்கள் இரண்டு தடவை பார்க்க வேண்டும்: சந்திப்புக்கு முன்னால் ஒரு தடவை, தண்ணீர்ச் சோதனை, கீழ்வீட்டு விசாரிப்பு உட்பட. காலிசெய்யும் நாளில் இன்னொரு தடவை. நடுவில் ஏதாவது உடைந்தால் யார் சரிசெய்வது, மின்சார, தண்ணீர்க் கட்டணம் யாருடையது, என்றைக்குச் சாவி தருவார்கள் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி வாங்கும்போது வாசல் கதவு, கம்பிக்கதவு, அறைக் கதவுகள், தபால்பெட்டி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கி, அதனதன் பூட்டில் போட்டுத் திருப்பிப் பாருங்கள், மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கொடுத்த கொத்தில் தபால்பெட்டிச் சாவி சேரவில்லை. ஆன்ட்டியைக் கூப்பிட்டுச் சொன்னோம், மறுநாளே மகளிடம் கொடுத்தனுப்பிவிட்டார்.